தொடர் களைப்பு

தொடர் களைப்பு என்பது போதிய உறக்கமும் நேரத்திற்கு உணவும் ஓய்வும் இருந்தும் வாரக்கணக்கில் நீங்காமல் நிற்கும் உடற்சோர்வைக் குறிக்கும். எட்டு மணி நேரம் உறங்கியவர் அசதியுடனேயே எழுவதும், நாள்தோறும் விருப்பத்துடன் நடைப்பயிற்சிக்குச் சென்றவர் செருப்பை மாட்டவே மனமின்றி உட்கார்ந்துவிடுவதும் இதன் பொதுவான அடையாளங்கள். இது தனி நோய் அன்று. பல நோய்களுக்கும் சத்துக் குறைபாடுகளுக்கும் பொதுவான அறிகுறி. காய்ச்சல் வந்தால் அதன் காரணத்தைத் தேடுவது போலவே இதற்கும் காரணம் தேட வேண்டும்.

சோம்பலும் களைப்பும்

நல்ல பழக்கங்கள் உள்ள ஒருவர் உடற்பயிற்சியைக் கைவிட்டால் அவருக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று வீட்டாரும் நண்பர்களும் கருதுவது இயல்பு. அவரே தம்மை அப்படிக் கடிந்துகொள்வதும் உண்டு. ஆனால் சோம்பலும் களைப்பும் வேறு வேறு. சோம்பல் உள்ளவருக்குப் பிடித்த வேலை வந்தால் உற்சாகம் பிறக்கும். களைப்பு உள்ளவருக்குப் பிடித்த வேலையும் சுமையாகவே இருக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், பாடத்தில் மனம் நிற்காது.

தசைகளுக்கு உயிர்வளி போதிய அளவில் கிடைக்காதபோது, அதே வேலைக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. முன்பு எளிதாக இருந்த இரண்டு கிலோமீட்டர் நடை இப்போது கடுமையான உழைப்பாக உணரப்படுகிறது. கடினமான ஒன்றிலிருந்து மனம் விலகுவது இயற்கை. எனவே உடற்பயிற்சியில் நாட்டமின்மை பல வேளைகளில் களைப்பின் காரணம் அன்று. அதன் விளைவே ஆகும்.

இரும்புச்சத்துக் குறைவு

தொடர் களைப்புக்கான காரணங்களில் இந்தியாவில் மிகப் பரவலாகக் காணப்படுவது இரும்புச்சத்துக் குறைவு. தேசியக் குடும்பநல ஆய்வு-5 (2019–21) தரும் கணக்குப்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டுப் பெண்களில் இது 53.4 விழுக்காடு. இரத்தசோகைக்கு வேறு காரணங்களும் உண்டு எனினும் இரும்புச்சத்துக் குறைவு அவற்றுள் முதன்மையானது.

வளர்ந்தவர் உடலில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு உள்ளது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் இருந்து உயிர்வளியைச் சுமக்கிறது. ஒரு பகுதி தசைகளிலுள்ள மயோகுளோபினிலும், உயிரணுக்களின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகளிலும் உள்ளது. எஞ்சியது ஃபெரிட்டின் என்னும் புரதத்தில் சேமிப்பாக வைக்கப்படுகிறது.

இரும்பு குறையத் தொடங்கும்போது முதலில் கரைவது இந்தச் சேமிப்பு. ஹீமோகுளோபின் குறைவது கடைசியில்தான். உலையில் சோறு வேகும்வரை குதிரில் நெல் தீர்ந்துபோனது வெளியே தெரியாது அல்லவா? அதுபோல, ஹீமோகுளோபின் அளவு மட்டும் பார்த்து எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லப்பட்டவருக்கும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம்.

உலக நலவாழ்வு நிறுவன வரையறையில், கருவுறாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்கும் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் கீழ் இருந்தால் அது இரத்தசோகை. உடல்நலமுள்ள வளர்ந்தவர்களுக்கு ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருப்பது இரும்புச்சத்துக் குறைவைக் காட்டும். 30க்குக் கீழ் இருந்தாலே குறைவாகக் கருதும் மருத்துவர்கள் பலர். ஆய்வகச் சீட்டில் மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்று அச்சிட்டிருந்தாலும் எண் மாறாது. தொற்றோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

இரத்தசோகை இல்லாத களைப்புக்கும் இரும்புக்கும் தொடர்பு உண்டா என்பதை ஆராய்ந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. இரத்தசோகை இல்லாமல் ஃபெரிட்டின் 50க்குக் கீழ் இருந்த, களைப்புற்ற 198 பெண்கள் அதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் இரும்பும் மறுபிரிவினருக்கு மருந்தில்லா மாத்திரையும் 12 வாரங்கள் தரப்பட்டன. இரும்பு பெற்றவர்களின் களைப்பு ஏறத்தாழ 48 விழுக்காடு குறைந்தது. மற்றவர்களுக்கு 29 விழுக்காடு குறைந்தது. இவ்வேறுபாடு இரும்பின் பங்கைக் காட்டுகிறது. வெறும் மாத்திரையிலும் ஓரளவு தேறினார்கள் என்பதால் களைப்பு முழுவதையும் இரும்பின் மேல் சுமத்தவும் இயலாது.

இரத்த இழப்பு

மாதவிடாய்ப் போக்கு மிகுதியாக இருப்பது இளம்பெண்களிடம் இரும்பு குறைவதற்கு முக்கியக் காரணம். ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ அதை இயல்பு என்று பொறுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வெறுங்காலில் நடக்கும்போது தொற்றும் கொக்கிப்புழுவும் குடலில் இரத்தத்தை உறிஞ்சும்.

ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்புச்சத்து குறைந்தால், மாத்திரை எடுத்துக்கொள்வதோடு நிறுத்தக் கூடாது. வயிற்றுப் புண், மூல நோய், குடல் புற்றுநோய், வலி மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்ளுதல் ஆகியவற்றால் உள்ளே இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

உணவில் கவனிக்க வேண்டியவை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி நாளொன்றுக்குப் பெண்களுக்கு 29 மில்லிகிராமும் ஆண்களுக்கு 19 மில்லிகிராமும் இரும்பு தேவை. இந்த அளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கீரை, பயறு, கேழ்வரகு, கம்பு ஆகியவற்றிலுள்ள இரும்பில் சிறு பகுதியையே குடல் உறிஞ்சுகிறது. இறைச்சி, மீன், ஈரல் ஆகியவற்றின் இரும்பு எளிதில் சேரும். ஆகவே நல்ல சைவ உணவு உண்பவருக்கும் குறைபாடு வருவதில் வியப்பில்லை. நாளுக்கு நான்கு பேரீச்சம்பழமோ ஒரு துண்டு வெல்லமோ இக்குறையை ஈடுகட்டாது.

உணவோடு அல்லது உண்டவுடன் பருகும் தேநீரும் காப்பியும் இரும்பு சேர்வதைத் தடுக்கின்றன. சாப்பாட்டிற்கும் அவற்றிற்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றின் வைட்டமின் சி இரும்பு சேர்வதைக் கூட்டுகிறது. முருங்கைக்கீரைப் பொரியலில் சிறிது எலுமிச்சைச் சாறு பிழிந்து உண்பது எளிய வழி.

இரும்பு மாத்திரை உட்கொள்ளும்போது மலம் கறுப்பாகப் போவதும் மலச்சிக்கலும் பொதுவானவை. அதற்கு அஞ்சிப் பாதியில் நிறுத்துவோர் மிகுதி. ஹீமோகுளோபின் சீரான பின்னும் சேமிப்பு நிரம்புவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் மாத்திரையைத் தொடர வேண்டும். ஆனால் பரிசோதனை இல்லாமல் தாமாகவே தொடங்குவது சரியன்று. தலசீமியா போன்ற மரபுவழிக் கோளாறுகளில் இரும்பு குறையாமலேயே இரத்தசோகை இருக்கக்கூடும். அவர்களுக்குத் தேவையற்ற இரும்பு தீங்காகலாம்.

பி12, ஃபோலிக் அமிலம்

சிவப்பணுக்கள் உருவாக வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலம் ஆகிய இரண்டும் தேவை. பி12 தாவர உணவில் இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் உண்டு. கல்லீரலில் இதன் இருப்பு பல ஆண்டுகளுக்குத் தாங்குவதால் குறைபாடு மெல்லத்தான் தலைகாட்டும். களைப்புடன் நாக்கு எரிச்சல், கை கால் மரத்துப்போதல், மறதி ஆகியவை சேர்ந்து வந்தால் பி12 அளவைப் பார்க்க வேண்டும். நீரிழிவுக்கான மெட்ஃபார்மினையும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளையும் நெடுங்காலம் உட்கொள்வோருக்கும் இக்குறைபாடு ஏற்படக்கூடும்.

ஃபோலிக் அமிலத்தின் வரலாற்றுக்கு இந்தியத் தொடர்பு உண்டு. இங்கிலாந்து மருத்துவர் லூசி வில்ஸ் 1928இல் பம்பாய்க்கு வந்து, துணி ஆலைகளில் வேலை செய்த கருவுற்ற பெண்களிடம் காணப்பட்ட கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். ஆய்வின் ஒரு பகுதி நீலகிரியிலுள்ள குன்னூரில் நடந்தது. ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்ற மலிவான உணவுப்பொருள் அப்பெண்களைத் தேற்றியது. அதிலிருந்த பொருள் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது.

தைராய்டு குறைவு

கழுத்தின் முன்புறமுள்ள தைராய்டு சுரப்பி உடலின் வளர்சிதை மாற்ற வேகத்தை ஆள்கிறது. அதன் சுரப்பு குறைந்தால் களைப்பு, எடை கூடுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல், முடி உதிர்தல், மாதவிடாய் மாறுபாடு ஆகியவை தோன்றும். உணவைக் கட்டுப்படுத்தியும் எடை குறையாமல் சலித்துப்போவோர் இவர்களில் உண்டு. டிஎஸ்எச் என்னும் இரத்தப் பரிசோதனை இதைக் காட்டிவிடும். தைராக்சின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

பிற காரணங்கள்

உறக்கத்தில் மூச்சடைப்பு: உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நின்று திணறுதலும் இதன் அடையாளங்கள். படுக்கையில் கழியும் நேரம் எட்டு மணியாயினும் ஆழ்ந்த உறக்கம் கிட்டாது. இதைப் பெரும்பாலும் உறங்குபவர் அறியார். உடன் இருப்பவரே சொல்ல வேண்டும்.

மனச்சோர்வு: எதிலும் நாட்டமின்மை, விடியுமுன் விழிப்பு, பசி மாறுதல், நம்பிக்கையிழப்பு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரை அணுக வேண்டும். இதுவும் சிகிச்சையால் தீரக்கூடிய நோயே.

மருந்துகள்: ஒவ்வாமைக்கான சில மாத்திரைகளும், இரத்த அழுத்தத்திற்கான பீட்டா தடுப்பான்களும் அசதி தரலாம். மருத்துவரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது.

போதாத உணவும் மிகுந்த பயிற்சியும்: எடை குறைக்கும் ஆர்வத்தில் குறைவாக உண்டு கடுமையாகப் பயிற்சி செய்யும் மாணவர்களிடமும் விளையாட்டு வீரர்களிடமும் இது காணப்படும். மாதவிடாய் நின்றுபோவதும் அடிக்கடி எலும்பு முறிவதும் எச்சரிக்கைகள்.

இவை தவிர நீரிழிவு, சிறுநீரகம், கல்லீரல், இதயக் கோளாறுகள், காசநோய், வைட்டமின் டி குறைவு ஆகியவையும் களைப்பாக வெளிப்படலாம்.

உழைத்தால் கூடும் களைப்பு

பெரும்பாலான களைப்புகளுக்கு மிதமான உடற்பயிற்சி நன்மை தரும். இதற்கு விலக்கான நிலை ஒன்று உண்டு. நாட்பட்ட களைப்பு நோய்க்கூட்டம் எனப்படும் அந்த நிலையில், சிறிய உழைப்புக்குப் பின்னும் அன்றோ அடுத்த நாளோ உடல்நிலை கடுமையாகச் சரிந்து, நாட்கணக்கில் படுக்கையில் கிடக்க நேரிடும். கோவிட் தொற்றுக்குப் பின்னும் சிலருக்கு இது காணப்பட்டது. முயன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொல்வது இவர்களுக்குத் தீங்காகும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் தன் வழிகாட்டுதலைத் திருத்தி, படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சிச் சிகிச்சையை இந்நோய்க்குத் தரலாகாது என்றது. தம் ஆற்றலின் எல்லைக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதே இவர்களுக்கு உரிய வழி.

மருத்துவரிடம் செல்லும்போது

களைப்பு சில வாரங்களாக நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. என்று தொடங்கியது, எந்த நேரத்தில் மிகுதி, எத்தனை மணி உறக்கம், மாதவிடாய்ப் போக்கு, உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துச் செல்லலாம். முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், டிஎஸ்எச், பி12, இரத்தச் சர்க்கரை, சிறுநீரக, கல்லீரல் பரிசோதனைகளில் தேவையானவற்றை மருத்துவர் முடிவு செய்வார். நெஞ்சுவலி, ஓய்விலும் மூச்சுத்திணறல், மயக்கம், கருமையான மலம், காரணமின்றி எடை குறைதல், மாலைக் காய்ச்சல், உயிரை மாய்க்கும் எண்ணம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

மீண்டும் பயிற்சிக்கு

சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். ஆகவே குறை நீங்கத் தொடங்கியவுடன் பழைய வலிமையை எதிர்பார்க்க இயலாது. நாட்பட்ட களைப்பு நோய்க்கூட்டம் இல்லாதவர்கள் சமதரையில் பத்து நிமிட நடையில் தொடங்கலாம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதுமானது. மறுநாள் உடல் தெளிவாக இருந்தால் சில நிமிடங்கள் கூட்டலாம்; இல்லையேல் அதே அளவில் நிற்கலாம்.