பக்கத்து டேபிள் டேட்டா நம்ம ஸ்க்ரீன்ல!

ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள். ரூம் டெம்பரேச்சர் ஓட வேண்டிய எங்க ஸ்க்ரீன்ல ஏதோ தண்ணித் தொட்டியோட அளவு ஓடுது! வியர்த்து விறுவிறுத்துத் தேடினா... அது பக்கத்து டேபிள் டீமோட சென்சார். ரெண்டு டீமுமே எக்ஸ்பீ ரேடியோ மாட்யூலை கவர் பிரிச்சு அப்படியே மாட்டியிருந்தோம். அந்தத் தப்பை நீங்க பண்ணாதீங்க மக்களே!

சீரிஸ் 1 எக்ஸ்பீ எல்லாமே பேக்டரியில இருந்து 3332ங்கிற ஒரே நெட்வொர்க் எண், ஒரே சேனலோட வருது. க்ளாஸ்ல ரெண்டு கார்த்திக் இருந்தா, பேரைக் கூப்பிட்டதும் ரெண்டு பேரும் எழுந்திரிப்பாங்கள்ல? அதே கதைதான். இதை மாத்தத்தான் 'எக்ஸ்சிடியூ' சாஃப்ட்வேர். டிஜி இன்டர்நேஷனல் இலவசமாவே தருது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும்.

வாங்கும்போது...

மயிலாப்பூரோ அடையாறோ, எங்கே இருந்தாலும் விடு ஜூட் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு! 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மாட்யூலா கேளுங்க. நம்ம நாட்டுல 2005ல இருந்து அதுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அமெரிக்காவுக்கான 900 மெகாஹெர்ட்ஸ் மாடல் வேண்டாம். இங்கே அது செல்போன் அலைவரிசையில மூக்கை நுழைக்கும். சீரிஸ் 1, சீரிஸ் 2 ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசாது. ஜோடியை ஒரே ரகமா எடுங்க. பின் இடைவெளி 2 மில்லிமீட்டர்தான், பிரெட்போர்டுல உட்காராது. அதனால யுஎஸ்பி அடாப்டரும் அவசியம். 3.3 வோல்ட்டுக்குப் பதிலா 5 வோல்ட் கொடுத்தா, மாட்யூல் பரலோகம்!

செட் பண்ணும்போது...

அடாப்டரைச் சொருகி, எக்ஸ்சிடியூல 'டிஸ்கவர்' தட்டுங்க. வேகம் 9600. மாட்யூல் தெரிஞ்சதும் 'ஐடி'யில உங்களுக்குன்னு ஒரு எண், ரெண்டு மாட்யூலுக்கும் அதே எண். முதல் மாட்யூலுக்கு 'எம்ஒய்' 1, 'டிஎல்' 2. அடுத்ததுக்கு அப்படியே உல்டா. அதாவது, என் விலாசம் இது, நான் பேசுறது அவன்கிட்ட! கடைசியா 'ரைட்' பட்டனை மறந்துடாதீங்க. தி.நகர் அபார்ட்மென்ட்ல பத்து வீட்டு வைஃபை குறுக்கே வந்தா, ரெண்டுலயும் சேனலை ஒரே மாதிரி மாத்திப் பாருங்க.

கமாண்ட்ல வேலை பார்க்கிறவங்களுக்கு: ஒரு செகண்ட் சும்மா இருந்து, +++ அடிச்சு, என்டர் தட்டாம இன்னொரு செகண்ட் பொறுங்க. 'ஓகே' வரும். பத்து செகண்ட் யோசிச்சுட்டே உட்கார்ந்தா, அது பாட்டுக்கு வெளியே போயிடும்.

எங்க ரிவ்யூ? ராத்திரி ஐடியை மாத்தினோம், காலையில தப்பிச்சோம். பக்கத்து டீமுக்கும் சேர்த்து மாத்திக் கொடுத்தது தனிக் கதை!