இசைத்தட்டுப் பெட்டியின் மூடியும் வில் பிணைச்சலும்

வன்னியிலே சோளகக் காற்று எழுந்துவிட்டால் வீட்டிலுள்ள எப்பொருளும் செம்மண் தூசிக்குத் தப்புவதில்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அலுமாரிக்குள் வைத்த புத்தகத்தின்மீதும் தூசி படிகின்றது. இசைத்தட்டுக்கோ அது பெரும் பகை. 1948ஆம் ஆண்டில் வெளிவந்த நீண்ட நேர இசைத்தட்டின் பள்ளம் ஏறத்தாழத் தலைமயிரின் பருமனே உடையது. அதனுள் விழுந்த மணற்றுகளை ஊசி இழுத்துச் செல்லுங்கால் பள்ளத்தின் சுவர் கீறுண்டு போகின்றது. அக்கீறலை ஆற்ற மருந்தில்லை.

2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரிலே வன்னி மக்கள் பலமுறை இடம்பெயர்ந்தனர்; அவர்கள் விட்டுச் சென்ற பொருள்கள் பல. அத்தனைக்கும் தப்பிய இசைத்தட்டு ஒரு வீட்டில் இருக்குமாயின், அதனைத் தூசிக்குப் பலியிடலாமா? ஆகவே சுழல்மேடைக்கு ஒரு மூடி வேண்டும். அம்மூடியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பிணைச்சலைத் தெரிந்தெடுப்பதிலேதான் பலர் தவறுகின்றனர்.

கதவைத் தானாகச் சாத்தும் வில் பிணைச்சல் இதற்கு உதவாது. அது மூடியை விசையுடன் கீழே அடிக்கும். ஊசிக்கரமும் முறியலாம், குழந்தையின் விரலும் நசுங்கலாம். மூடியின் பாரத்தைத் தாங்கி, மேலே எழ உதவும் பிணைச்சலே வேண்டுவது.

அதன் வலிமையை எவ்வாறு கணிப்பது? 45 சதமமீற்றர் அகலமும் 36 சதமமீற்றர் ஆழமும் 8 சதமமீற்றர் உயரமும் கொண்ட மூடியை 3 மில்லிமீற்றர் அக்கிறிலிக் தகட்டினாற் செய்தால், நிறை ஏறத்தாழ ஒரு கிலோகிராம். பாரம் நடுவிலே தங்குவதால், பிணைச்சலிலிருந்து அதன் தூரம் 18 சதமமீற்றர். இரண்டையும் பெருக்கினால் 18; பிணைச்சல் இரண்டாதலின் ஒன்றுக்கு 9. கணக்கில் ஐயமுள்ளவர் மூடியின் பின்விளிம்பை ஊன்றி, முன்விளிம்பை விற்றராசினால் மெல்லத் தூக்கிப் பார்க்கலாம். அது அரைக் கிலோகிராம் காட்டும். அதனை 36ஆற் பெருக்கினாலும் அதே 18 வரும். முதிரைச் சட்டமோ கண்ணாடியோ சேர்த்தால் பாரம் மிகும். கணக்கையும் மீண்டும் செய்தல் வேண்டும்.

மூடி எழ எழப் பாரத்தின் இழுப்புக் குறையும். 60 பாகையில் அது பாதியாகிவிடும். ஆதலால் வில்லின் வலிமை மேற்கூறிய அளவினும் சிறிது குறைந்திருத்தல் நன்று. மிகுந்தால் மூடி முற்றாக மூடாது முன்புறத்தில் இடைவெளி விடும். அவ்வழியே தூசி புகும். மிகக் குறைந்தால் திறந்த மூடி சரிந்து விழும்.

இரு பிணைச்சல்களின் அச்சுகளும் ஒரே நேர்கோட்டில் அமையவேண்டும்; இன்றேல் மூடி இறுகும். அக்கிறிலிக்கில் துளையைத் திருகாணியினும் சற்றுப் பெரிதாக இட்டு, றப்பர் வளையம் வைத்து மெல்ல முடுக்குக, இறுக்கினால் வெடிக்கும். முல்லைத்தீவின் கடற்கரையோரத்தார் சாதாரண இரும்பைத் தவிர்த்து, கறல் பிடியாத உருக்கைக் கொள்வது நலம். மூடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் மின்னேற்றம் பெற்று அதுவே தூசியை இழுக்கும்; ஈரத்துணியே ஏற்றது.

இசை ஒலிக்கும்போது மூடியைத் திறப்பதும் சாத்துவதும் கூடாது; அவ்வதிர்வு ஊசியைத் தாக்கும். ஊசியை எடுத்தபின் மூடியைச் சாத்துவதே சாலச் சிறந்த வழக்கமாகும்.