குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை: தேடுபொறியின் டாஷ்போர்டைப் படிப்பது எப்படி?

டாஷ்போர்டு என்றால் என்ன என்று சக ஆசிரியர்கள் கேட்டால், கோவிலூரில் பணியாற்றும் நான் செட்டிநாட்டுக் கணக்கு வழக்கைத்தான் சொல்வேன். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த நகரத்தார், அன்றாட வரவு செலவைக் குறிப்பேட்டில் எழுதினார்கள். அதை ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றினார்கள். பிறகு ஐந்தொகை எடுத்தார்கள். ஐந்தொகையில் சந்தேகம் வந்தால் பேரேட்டைப் புரட்ட வேண்டும்.

தேடுபொறியிலும் இதே மூன்று உண்டு. யார் எப்போது எதைத் தேடினார்கள் என்ற பதிவு குறிப்பேடு. எந்தச் சொல் எந்தெந்தப் பாடத்தில் வருகிறது என்று சொல்வாரியாகத் தொகுத்த அட்டவணை பேரேடு. வரைபடங்களாகக் காட்டும் டாஷ்போர்டு ஐந்தொகை. நாம் பாடநூலின் கியூஆர் குறியீடு வழியே செல்லும் தீக்ஷா தளம் ‘சன்பேர்டு’ என்னும் திறந்த மூல மென்பொருளால் ஆனது. அதன் தேடலுக்கு அடியில் இருப்பது எலாஸ்டிக்சர்ச்.

எலாஸ்டிக்சர்ச்சில் உள்ளதைப் படமாக்க உருவானது கிபானா. அதன் நிரலிலிருந்து கிளைத்து 2014இல் வந்த கிராஃபானா, வேறு பல தரவுத்தளங்களையும் படிக்கும். 2021இல் எலாஸ்டிக் நிறுவனம் திறந்த மூல உரிமத்தைக் கைவிட்டபோது, பழைய நிரலிலிருந்து ஓப்பன்சர்ச் டாஷ்போர்ட்ஸ் பிறந்தது. 2024இல் எலாஸ்டிக் மீண்டும் ஒரு திறந்த மூல உரிமத்தைச் சேர்த்தது. சில நூறு புத்தகங்கள் உள்ள பள்ளி நூலகத்துக்கு இவை எதுவும் தேவையில்லை. லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். மாவட்ட, மாநில அளவிலான தளங்களுக்கே இவை பொருந்தும்.

ஆனால் அந்தப் படங்களைப் படிக்க வேண்டியவர்கள் நாம். ‘மரம்’, ‘மரங்கள்’, ‘மரத்தின்’ என்று தேடியவற்றை அப்படியே எண்ணினால் மூன்று குட்டைப் பட்டைகள் தெரியும். பிள்ளைகளுக்கு மரத்தில் ஆர்வமில்லை என்று தோன்றும். வேர்ச்சொல்லாக்கிச் சேர்த்தால் ஒரே உயரமான பட்டை. அதேபோல் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் ஒரே கைப்பேசியில் படித்தால், கணக்கில் ஒருவர்தான். பயன்பாடு குறைவு என்று ஒரு வகுப்பையோ ஆசிரியரையோ குறை சொல்லுமுன் இதைக் கேட்டாக வேண்டும்.

என்னைக் கேட்டால், டாஷ்போர்டில் முதலில் பார்க்க வேண்டியது அதிகம் தேடப்பட்ட சொற்களை அல்ல. முடிவு பூஜ்ஜியமாக வந்த தேடல்களை. முடிவுகளின் எண்ணிக்கையும் பதிவில் இருந்தால், கிபானாவில் அவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். பாடத்தில் ‘மின்னோட்டம்’ என்று இருக்கும். பிள்ளை ‘கரண்ட்’ என்று தேடும். பாடம் இருந்தும் கிடைக்காது. தேடியவர் பெயரோ எண்ணோ இதற்குத் தேவையே இல்லை; சொல் போதும்.

இதற்குத் தீர்வு எளிது. எலாஸ்டிக்சர்ச்சிலும் ஓப்பன்சர்ச்சிலும் ஒருபொருட்சொற்களுக்கென ஒரு பட்டியல் கொடுக்கலாம். அது வெறும் உரைக்கோப்பு. ‘கரண்ட், மின்சாரம், மின்னோட்டம்’ என்று காற்புள்ளியிட்டு ஒரு வரி. நிரல் தெரிந்தவரால் கோப்பை ஏற்ற முடியும். காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளை ‘நீராவிப்போக்கு’க்கு என்ன சொல்லும் என்பது வகுப்பில் நிற்கும் நமக்குத்தான் தெரியும். பாடத்துக்குப் பத்து வரி எழுதித் தந்தாலே தொடங்கிவிடலாம்.