இருபத்தொரு ஆண்டு மௌனம்

வானலைத் தோழர்கள் – 17

2002 ஜூன் 21. இங்கிலாந்தைச் சேர்ந்த, பொழுதுபோக்காக வானலையில் பேசும் பாட் கோவன் என்ற ஹாம் ரேடியோக்காரருக்கு 145 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மெதுவான மோர்ஸ் ஒலி ஒன்று கேட்டது. முதலில் 'ஹாய்' என்றது. பிறகு மூன்று மூன்று இலக்கங்களாக எண்களை அடுக்கியது. கோவன் ஹாம் செயற்கைக்கோள்களில் பழம் தின்று கொட்டை போட்டவர். எந்தச் செயற்கைக்கோள் எந்த அலைவரிசையில் எப்படிப் பேசும் என்பது அவருக்கு அத்துப்படி. ஆனால் அன்று இயக்கத்தில் இருந்த எந்தச் செயற்கைக்கோளுக்கும் அந்தக் குரல் பொருந்தவில்லை. கேட்டதை எழுதி, உங்களில் யாருக்காவது இது என்னவென்று தெரியுமா என்று சக ஹாம்களிடம் கேட்டார்.

பதில் வந்தபோது பலருக்கும் நம்ப முடியவில்லை. அது ஆஸ்கர்-7 என்ற பழைய ஹாம் செயற்கைக்கோள். 1974 நவம்பர் 15 அன்று கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க் தளத்திலிருந்து, ஒரு வானிலைச் செயற்கைக்கோளுக்குத் துணைப் பயணியாக டெல்டா ராக்கெட்டில் போனது. ஆறரை ஆண்டுகள் உழைத்துவிட்டு 1981-ன் நடுவில் பேச்சை நிறுத்தியது. பேட்டரி போய்விட்டது, கதை முடிந்தது என்று எல்லோரும் கணக்கை மூடிவிட்டார்கள். அந்தச் செயற்கைக்கோளை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜான் கிங், வருவது தங்கள் பழைய பிள்ளையின் குரல்தான் என்று உறுதிசெய்தார்.

சென்ற வாரம், முதல் ஹாம் செயற்கைக்கோளான ஆஸ்கர்-1 பற்றிப் பார்த்தோம். 1961 டிசம்பரில் போய், மூன்று வாரம் 'ஹாய், ஹாய்' என்று மோர்ஸில் சொல்லிவிட்டு அடங்கி, அடுத்த ஜனவரி கடைசியில் காற்றுமண்டலத்தில் எரிந்து போனது அது. அதன் கதைக்குத் தெளிவான முடிவு உண்டு. அதற்குப் பின் போன பலவற்றுக்கு அப்படியொரு முடிவு வரவே இல்லை. பேச்சு நின்ற பிறகும் அவை மேலேயே இருக்கின்றன. அவற்றின் நிலை என்ன என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

முதலில் ஆஸ்கர்-7-க்குள் நடந்ததைப் பார்ப்போம். எட்டுப் பக்கம் கொண்ட பெட்டி அது. எடை 29 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வெளிப்பக்கம் சோலார் பேனல்கள், உள்ளே நிக்கல்–காட்மியம் பேட்டரி. வெயிலில் பேனல் தரும் மின்சாரம் பேட்டரியை நிரப்பும், பூமியின் நிழலுக்குள் போகும்போது பேட்டரி கைகொடுக்கும். வருடக்கணக்கில் நிரம்பியும் வற்றியும் களைத்துப்போன பேட்டரி செல்கள் 1981-ல் ஷார்ட் ஆகிவிட்டன. அதன் பிறகு பேனல் எவ்வளவு மின்சாரம் தந்தாலும் அத்தனையும் அந்த ஷார்ட் வழியாகவே போனது. ஓட்டை வாளியில் தண்ணீர் இறைத்த கதைதான். டிரான்ஸ்மிட்டரில் எந்தக் கோளாறும் இல்லை. அதற்கு ஒரு சொட்டு மின்சாரமும் மிஞ்சவில்லை, அவ்வளவுதான்.

எப்போதோ ஒரு நாள், ஷார்ட் ஆகியிருந்த செல்களில் ஒன்று உள்ளே அறுந்து போனது. பேட்டரி முழுவதும் மின்சுற்றிலிருந்து விலகிக்கொண்டது. பேனல் மின்சாரம் நேராக டிரான்ஸ்மிட்டருக்குப் போக வழி திறந்தது. அன்று முதல் ஆஸ்கர்-7 பேட்டரியே இல்லாமல் ஓடுகிறது. நிழலுக்குள் நுழைந்ததும் அணைந்துவிடும், வெயிலுக்கு வந்ததும் எழுந்து பேசும். அதற்கு இரண்டு வேலைமுறைகள் உண்டு: ஒன்றில் 29 மெகாஹெர்ட்ஸிலும் மற்றதில் 145 மெகாஹெர்ட்ஸிலும் பூமிக்குப் பேசும். எழும்போது எந்த முறையில் எழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சில பருவங்களில் அதன் பாதை வாரக்கணக்கில் நிழலையே தொடாது. அப்போது உள்ளே இருக்கும் 24 மணி நேர டைமர் 1974-ல் வடிவமைத்தபடியே ஒருநாள் விட்டு ஒருநாள் முறையை மாற்றிக்கொடுக்கும். 2024 நவம்பரில் ஐம்பது வயது நிறைந்தபோதும் அது பேசிக்கொண்டுதான் இருந்தது.

அது தலைக்கு மேலே போகும்போது கேட்க வேண்டும். 1,450 கிலோமீட்டர் உயரம் என்பதால் ஒரு கடப்பு இருபது நிமிடம் வரைகூட நீடிக்கும். சுமார் 7,900 கிலோமீட்டர் குறுக்களவுள்ள பரப்பை ஒரே நேரத்தில் பார்க்கும். அந்தப் பரப்புக்குள் இருக்கும் ஹாம்கள் அதன் வழியே ஒருவரோடு ஒருவர் பேசலாம். நெருங்கி வரும்போது டாப்ளர் விளைவால் அலைவரிசை மூன்று கிலோஹெர்ட்ஸ் வரை மேலே நிற்கும். கடந்து போகப் போக அதே அளவு கீழே சரியும், ரேடியோவைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். யாராவது ஒருவர் அளவுக்கு மீறிய சக்தியில் பேசினால் பேனலின் மின்னழுத்தம் தொய்ந்து, எல்லோர் குரலும் நடுங்கிக் குழறும். தாங்கிப்பிடிக்க உள்ளே பேட்டரி இல்லை. அனுபவஸ்தர்கள் இதைத் தெரிந்து மெல்லிய சக்தியிலேயே பேசுவார்கள். இதைவிட நல்ல பண்பு ஹாம் உலகில் எனக்குத் தெரிந்து இல்லை.

கோவன் கேட்ட எண்களுக்கு வருவோம். என் மனம் அங்கேதான் திரும்பத் திரும்பப் போகிறது. ஆஸ்கர்-7-ன் மோர்ஸ் செய்தியில் ஆறு வரிசை, வரிசைக்கு நான்கு எண், மொத்தம் 24. ஒவ்வொரு எண்ணிலும் முதல் இலக்கம் வரிசையைக் குறிக்கும். மற்ற இரண்டு இலக்கங்களை ஒரு சிறிய சூத்திரத்தில் போட்டால் பேனல் மின்னோட்டம், பேட்டரி மின்னழுத்தம், உள்வெப்பநிலை என்று விடை வரும். காகிதமும் பேனாவும் மோர்ஸ் தெரிந்த காதும் போதும். சூத்திரங்களை ஒளித்து வைக்காமல் அந்தக் காலத்திலேயே எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள். அதனால்தான் இருபத்தொரு ஆண்டு கழித்தும் அந்தக் குரலுக்கு உரியவர் யாரென்று கண்டுபிடிக்க முடிந்தது. இன்னொன்றும் உண்டு: அதற்குள் கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாம் கம்பிவழி இணைத்த லாஜிக் சுற்றுகள். மின்சாரம் வந்ததும் தானாக வேலையைத் தொடங்கும், தரையிலிருந்து யாரும் மென்பொருள் ஏற்றி எழுப்ப வேண்டியதில்லை.

ஒரு செயற்கைக்கோளின் நிலையை இரண்டு கணக்குகளில் எழுதுகிறார்கள். ஒன்று, ரேடார் வைத்திருக்கும் அமெரிக்க விண்வெளிப் படையின் பட்டியல். சுற்றுப்பாதையில் ரேடாருக்குத் தெரியும் ஒவ்வொரு பொருளுக்கும் அதில் ஓர் எண் உண்டு. ஆஸ்கர்-7-ன் எண் 7530. அது பேசுகிறதா இல்லையா என்பது அந்தப் பட்டியலுக்கு முக்கியமே இல்லை. இன்னொரு கணக்கு ஹாம்களுடையது. இன்று எந்தச் செயற்கைக்கோளைக் கேட்டேன், எதைத் தேடியும் கேட்கவில்லை என்று உலகெங்கும் உள்ளவர்கள் நாள்தோறும் பதிவிடுகிறார்கள். சம்பளம் கிடையாது, பதவி கிடையாது. ஒன்று செயலிழந்தது என்று அறிவித்த பிறகும் யாராவது ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 2012-ல் அடங்கிய ஆஸ்கர்-27 எட்டு ஆண்டு போல் கழித்து மறுபடி கேட்டதும் இப்படிப்பட்டவர்களால்தான்.

எல்லாவற்றுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மெல்போர்ன் பல்கலைக்கழக மாணவர்கள் செய்த ஆஸ்திராலிஸ் ஆஸ்கர்-5, 1970 ஜனவரியில் போனது. தச்சர்கள் பயன்படுத்தும் எஃகு அளவுநாடாவை வெட்டி அதற்கு ஆன்டெனாவாக வைத்திருந்தார்கள். சோலார் பேனலே வைக்கவில்லை, வெறும் பேட்டரி. ஐம்பது நாள் போல் பேசியது. அது இனி பேசவே பேசாது. ஆனால் ஆஸ்கர்-7 அளவு உயரத்தில், நாடா ஆன்டெனாவோடு, இன்னும் சுற்றுகிறது.

ஆஸ்கர்-40-ன் கதை வேறு மாதிரி. ஹாம்கள் கட்டியவற்றில் மிகப் பெரியது, 600 கிலோவுக்கும் மேல். 2000 நவம்பரில் ஏரியன்-5 ராக்கெட்டில் போனது. அடுத்த மாதமே எஞ்சின் இயக்கத்தை ஒட்டிய விபத்தில் ஊமையானது. கிறிஸ்துமஸ் நாளில் கட்டளை அனுப்பி அதை எழுப்பினார்கள். நொண்டிக்கொண்டே மூன்று ஆண்டு ஓடி, 2004 ஜனவரி 27 அன்று பேட்டரி மின்னழுத்தம் சரிந்து நின்றது. பல நாட்டுத் தொண்டர்களின் பத்தாண்டு உழைப்பு அது. ஆஸ்கர்-7-க்கு நடந்தது போல அதன் பேட்டரி செல்லும் ஒரு நாள் அறுந்து வழிவிடாதா என்று இன்றும் ஆசைப்படுபவர்கள் உண்டு. அதில் கம்ப்யூட்டர் இருக்கிறது, எழுப்புவது சுலபமில்லை. ஆனாலும் அந்த ஆசையை நான் குறைசொல்ல மாட்டேன்.

பேச்சு நின்றவற்றின் பட்டியலில் நம் நாட்டு ஹாம்சாட்டும் இருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமியின்போது போர்ட் பிளேரில் தற்செயலாக முகாமிட்டிருந்த ஒரு ஹாம் குழு, தொடர்பு அறுந்த அந்தமானுக்கு எத்தனை பெரிய துணையாக இருந்தது என்பதை இத்தொடரில் படித்திருப்பீர்கள். அது நடந்து ஐந்தே மாதத்தில், 2005 மே 5 அன்று, ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாவது ஏவுதளத்திலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட்டான பி.எஸ்.எல்.வி–சி6, கார்ட்டோசாட்-1 உடன் ஹாம்சாட்டையும் கொண்டுபோனது. எடை 42.5 கிலோ. அதில் குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் இரண்டு இருந்தன, அவற்றில் ஒன்றைச் செய்தவர் நெதர்லாந்து மாணவர் ஒருவர். ஒன்பது ஆண்டுகள் இந்தியாவையும் தெற்காசியாவையும் உலகத்தையும் இணைத்தது. 2014 ஜூலையில் லித்தியம்–அயனி பேட்டரி செயலிழந்து சேவை முடிந்தது. ஆஸ்கர்-7-ஐ வீழ்த்திய அதே இடம்.

இங்கே ஆசையை நிறுத்திவிட்டு ஒரு கசப்பான உண்மையைப் பேச வேண்டும். 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே 789 கிலோமீட்டர் உயரத்தில், என்றோ செயலிழந்த காஸ்மாஸ்-2251 என்ற ரஷ்யச் செயற்கைக்கோள், வேலைசெய்துகொண்டிருந்த இரிடியம்-33 மீது மோதியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய துண்டுகள் சிதறின. ஊமையான செயற்கைக்கோளால் விலக முடியாது, எதிரே வருவதுதான் விலக வேண்டும். ஆஸ்கர்-7 இருக்கும் உயரத்தில் காற்றின் உரசல் கிட்டத்தட்ட இல்லை. அது கீழே வர ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பேச்சு நின்ற பிறகும் அத்தனை தலைமுறைக்கு அது வானத்தில் ஒரு தடங்கல்.

இன்றைய விதிகளின்படி ஆஸ்கர்-7-க்கு அனுமதியே கிடைக்காது. பணி முடிந்த ஐந்து ஆண்டுக்குள் தாழ்பாதைச் செயற்கைக்கோள்கள் காற்றுமண்டலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2022-ல் விதித்தது. முன்பு 25 ஆண்டு வரை விட்டுவைத்தார்கள். இடைஞ்சல் தந்தால் உடனே அணைக்கத் தரையில் கட்டளை நிலையம் இருக்க வேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதி சொல்கிறது. ஆஸ்கர்-7 யார் கட்டளைக்கும் காத்திருப்பதில்லை, வெயிலுக்கு எழுகிறது, நிழலுக்கு அணைகிறது. தரையிலிருந்து அதற்குப் பேசும் அலைவரிசைகளில் ஒன்றான 432 மெகாஹெர்ட்ஸ், இன்று ஹாம் செயற்கைக்கோள்களுக்கு ஒதுக்கிய 435–438 எல்லைக்கு வெளியே நிற்கிறது. விதிகள் சரி என்றே நான் சொல்வேன். அந்தப் பழைய செயற்கைக்கோளை நேசிப்பதற்காக அதைப் போலவே இன்னொன்றை அதே உயரத்துக்கு அனுப்பக் கூடாது.

நம் கல்லூரிகளுக்கு இது வேறு யாருடைய பிரச்சினையோ இல்லை. 2011 அக்டோபர் 12 அன்று போன எஸ்.ஆர்.எம்.சாட், சென்னையை அடுத்த காட்டாங்குளத்தூரில் மாணவர்கள் செய்தது, 10.9 கிலோ. முதன்மைப் பயணியான மேகா–டிராபிக்ஸுக்குத் தேவைப்பட்ட உயரம் சுமார் 865 கிலோமீட்டர். அதுவே இதற்கும் வாய்த்தது. துணைப் பயணிக்கு உயரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. அதன் பணிக்காலம் முடிந்த பிறகும் அந்த உயரம் அதைத் தலைமுறைகள் கடந்தும் மேலேயே வைத்திருக்கும். 2016-ல் போன சத்யபாமாசாட்டுக்குக் கிடைத்தது 505 கிலோமீட்டர். காற்று சில ஆண்டுகளில் கீழே இழுத்துவிடும் உயரம் அது. இரண்டும் மாணவர்களின் உழைப்புதான். வேறுபாடு எந்த ராக்கெட்டில் இடம் கிடைத்தது என்பதில் இருந்தது.

கல்லூரியில் செயற்கைக்கோள் செய்யும் தம்பி, தங்கைகளிடம் இரண்டு விஷயங்களைக் கேட்கிறேன். இடம் கிடைக்கிறதே என்று எந்த உயரத்துக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தாழ்வான பாதை கிடைக்கும் வரை காத்திருங்கள், அல்லது இறக்கிவிடும் ஏற்பாட்டோடு அனுப்புங்கள். உங்கள் செயற்கைக்கோள் அனுப்பும் எண்களின் பொருளையும் சூத்திரங்களையும் ஏவுவதற்கு முன்பே முழுமையாக வெளியிட்டுவிடுங்கள். நீங்கள் படிப்பு முடித்து எங்கோ போயிருப்பீர்கள், ஆய்வகக் கம்ப்யூட்டர் மாறியிருக்கும். அது மறுபடி பேசும் நாளில் கேட்பவர் யாரோ ஒரு அந்நியராக இருப்பார்.

மற்ற வாசகர்களுக்கு: பேசுவதற்குத்தான் உரிமமும் தேர்வும். சாட்நாக்ஸ் என்ற திறந்த வலையமைப்பில் உலகெங்கும் உள்ள தரைநிலையங்களின் பதிவுகளை யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே கேட்கலாம். ஆஸ்கர்-7-ன் மோர்ஸ் குரல் 145.9775 மெகாஹெர்ட்ஸ். கேட்டுவிட்டு எழுதுங்கள்.