ஐம்பத்திரண்டு வயதில் கப்பலேறியவர்

1699ஆம் ஆண்டு கோடையில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கிளம்பிய கப்பல் ஒன்றில் 52 வயதுப் பெண்மணி ஒருவர் ஏறினார். கூட வந்தது 21 வயதான இளைய மகள் மட்டும். போகும் இடம் சூரினாம். தென் அமெரிக்காவின் வடகரையில் டச்சுக்காரர்கள் கரும்புத் தோட்டங்கள் போட்டிருந்த நாடு. எந்த அரசரும் எந்தக் கம்பெனியும் அவரை அனுப்பவில்லை. தம்மிடமிருந்த ஓவியங்களையும் சேகரிப்புகளையும் விற்றுப் பணம் சேர்த்தார். உயிலையும் எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்டார். புழுக்களைப் பார்ப்பதற்காக.

அவர் பெயர் மரியா சிபில்லா மேரியன். 1647 ஏப்ரல் 2ஆம் நாள் பிராங்பேர்ட்டில் பிறந்தார். தந்தை மத்தேயுஸ் மேரியன் ஊரறிந்த செதுக்கோவியர், பதிப்பாளர். மகளுக்கு மூன்று வயதாகும்போதே இறந்துபோனார். தாய் மறுமணம் செய்துகொண்ட யாக்கோப் மாரல் பூக்களை வரைவதில் தேர்ந்தவர். அவரிடமே சிறுமி தூரிகை பிடிக்கக் கற்றாள். 1660இல், 13ஆம் வயதில், பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினாள்.

பட்டு நூலுக்காக வளர்த்தவர்கள் ஏராளம். இந்தச் சிறுமி பார்ப்பதற்காக வளர்த்தாள். பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தாமாகவே உண்டாகின்றன என்று படித்தவர்களும் நம்பிய காலம் அது. அழுகும் இறைச்சியில் நெளியும் புழுக்கள் ஈ இட்ட முட்டையிலிருந்தே வருகின்றன என்று இத்தாலியர் பிரான்செஸ்கோ ரெடி சோதனை செய்து நூலாக வெளியிட்டது 1668இல்தான். பிராங்பேர்ட் வீட்டில் ஒரு பெண்பிள்ளை முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்து என்று வரிசையாகக் குறித்து வைக்கத் தொடங்கி அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிறகு எல்லோருக்கும் போலத்தான். 18 வயதில் கல்யாணம், கணவரின் ஊரான நியூரம்பர்க்கில் குடித்தனம், இரண்டு பெண் குழந்தைகள். வசதியான வீட்டுப் பெண்களுக்கு ஓவியமும் பூவேலையும் சொல்லிக்கொடுத்தார். இத்தனைக்கும் நடுவே பெட்டிகளில் புழுக்கள் வளர்ந்துகொண்டே இருந்தன. எது எந்த இலையைத் தின்கிறது, எத்தனை நாளில் கூடு கட்டுகிறது என்ற குறிப்புகளும் சேர்ந்தன. 1679இல் அவருடைய கம்பளிப்புழு நூலின் முதல் பாகம் 50 படங்களோடு வந்தது. ஒரு பூச்சியின் எல்லாப் பருவங்களையும், அது உண்ணும் செடியோடு சேர்த்து, ஒரே படத்தில் வைத்தார். இன்று பள்ளிப் பாடநூல் வரைக்கும் நாம் காணும் அந்த அமைப்புக்கு இதுவே பெரிய முன்னோடி.

1680களில் பிராங்பேர்ட்டுக்குத் திரும்பினார். கணவரைப் பிரிந்தார், தாயோடும் மகள்களோடும் சில ஆண்டுகள் ஒரு மதக்குழுவில் வாழ்ந்தார், 1691இல் ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தார். அங்கே செல்வர்களின் வீடுகளில் தூரதேசத்து வண்ணத்துப்பூச்சிகள் ஊசி குத்தி வைக்கப்பட்டிருந்தன. அழகுதான். ஆனால் எந்தப் புழுவிலிருந்து வந்தன, எந்தச் செடியில் வளர்ந்தன என்ற தகவல் எதுவும் இல்லை. அந்தக் குறைதான் தம்மைச் சூரினாமுக்குக் கிளப்பியது என்று பின்னாளில் தம் நூலின் முன்னுரையில் எழுதினார்.

நம் ஊரில் ஒரு கேள்வி உண்டு: இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு? அதற்கு நான் காணும் பதில் மேரியன் தேடிப் போன புழுவின் உடலுக்குள்ளேயே இருக்கிறது.

கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழு ஒன்று தின்றுகொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குச் சிறகு எப்போது முளைக்கிறது? கூட்டுக்குள் போன பிறகு என்றுதான் தோன்றும். உண்மை அதுவல்ல. மேரியன் காலத்து டச்சு ஆய்வாளர் யான் சுவாமர்டாம் முற்றிய புழு ஒன்றின் தோலைப் பிரித்து, உள்ளே மடிந்து கிடந்த வண்ணத்துப்பூச்சியின் உறுப்புகளைக் காட்டினார். சிறகாகப் போகும் சிறு செல் கொத்துகள் புழுப் பருவத்திலேயே உள்ளே இருக்கின்றன என்று இன்றைய உயிரியல் சொல்கிறது. அவை வெளிப்படாமல் தள்ளிப்போடுவது, மூளைக்குப் பின்னாலிருக்கும் ஒரு சிறு சுரப்பியிலிருந்து வரும் இளமை ஹார்மோன். அதன் அளவு உயர்ந்திருக்கும்வரை, புழு தோலுரிக்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் பெரிய புழுவாகவே வரும். கடைசிப் புழுப் பருவத்தில் அந்தச் சுரப்பு வீழ்ந்த பிறகு தோலுரிக்கும்போதுதான் கூட்டுப்புழு உருவாகிறது. 1930களில் இந்த ஹார்மோனின் வேலையைத் துலக்கியவர் ஆங்கிலேயர் வின்சென்ட் விகிள்ஸ்வொர்த்.

இன்னொன்று என்னை இன்றும் வியக்க வைக்கிறது. கூட்டுக்குள் உடலின் பெரும்பகுதி கலைந்து புதிதாகக் கட்டப்படுகிறது. அப்படியானால் புழு கற்றது என்ன ஆகும்? அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புகையிலையைத் தின்னும் ஒருவகைப் புழுக்களுக்கு ஒரு வாசனையைக் காட்டி லேசான மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். புழுக்கள் அந்த வாசனையை விட்டு விலகப் பழகின. 2008இல் வெளியான முடிவு இது: கடைசிப் பருவத்தில் பழகிய புழுக்கள் அந்துகளாக வெளிவந்த பின்னும் அதே வாசனையைத் தவிர்த்தன. சிறு பருவத்தில் பழகியவற்றுக்கு அந்த நினைவு தங்கவில்லை.

மனிதருக்குள் இப்படி ஒரு சுரப்பி இல்லை. மேரியனைக் கப்பலேற்றியது ஹார்மோனும் அல்ல. ஆனால் 52 வயதில் அவர் புதிய ஆளாகிவிடவில்லை என்பதை இந்தப் புழு எனக்குக் காட்டுகிறது. 13 வயதுப் பார்வைதான் அவருக்கு அப்போதும் இருந்தது. குடும்பமும் பிழைப்பும் அதைத் தள்ளிப்போட்டிருந்தன, அழித்துவிடவில்லை. தள்ளிப்போன காலமும் வீண் அல்ல. வயதோடு மனதின் திறன்கள் எப்படி மாறுகின்றன என்று அறிய, உளவியலாளர் வார்னர் ஷாயி 1956இல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய நெடுங்கால ஆய்வு இங்கே உதவும். கண்ணால் சட்டென ஒப்பிட்டுப் பார்க்கும் வேகம் இருபதுகளிலிருந்தே இறங்குகிறது. சொல்வளமும், சிதறிய தகவல்களிலிருந்து ஒழுங்கைக் கண்டுபிடிக்கும் திறனும் நடுவயதில்தான் உச்சம் தொடுகின்றன. சூரினாம் காட்டில் பெயர் தெரியாத புழுவைக் கண்டால் அடுத்து எதைக் கவனிக்க வேண்டும் என்பது, 39 ஆண்டுகள் பெட்டிகளுக்குள் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தெரியும்.

காட்டில் வெயில் வாட்டியது. ஏறக்குறைய இரண்டே ஆண்டுகளில் காய்ச்சல் அவரை ஊருக்குத் திருப்பியது. 1705இல் 60 படங்களோடு சூரினாம் பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய நூல் வெளிவந்தது. உயிரினங்களை வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் பூச்சிகளுக்குப் பெயர் சூட்டும்போது அதைப் பலமுறை பயன்படுத்தினார். அதன் 18ஆம் படத்தில் கொய்யாக் கிளையில் ஒரு பெரிய சிலந்தி சிறு பறவையைத் தின்கிறது. அது வெறும் கற்பனை என்று 19ஆம் நூற்றாண்டு அறிஞர் சிலர் ஒதுக்கினார்கள். 1863இல் வந்த அமேசான் பயண நூலில், சிலந்தி சிறு பறவைகளைப் பிடித்திருந்ததைத் தாம் நேரில் கண்டதாக ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் எழுதினார்.

அந்த நூலில் நான் அதிகம் நினைப்பது 45ஆம் படம். நம் வீட்டு வாசல்களில் பூக்கும் மயில்கொன்றைதான் அதில் இருக்கிறது. தோட்டங்களில் அடிமைகளாக இருந்த பெண்கள், தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகிவிடக் கூடாது என்று அதன் விதையைத் தின்று கருக்கலைத்தார்கள். அதை அவர்களே தம்மிடம் சொன்னதாக மேரியன் எழுதியிருக்கிறார். காட்டில் வழி வெட்டியவர்களும் புழுக்களைத் தேடிக் கொண்டுவந்தவர்களும் அவர்களைப் போன்ற அடிமைகளும் பூர்வகுடிகளும்தான். செடியும் பூச்சியும் அறிந்த அந்தப் பெண்களுக்குத் தங்கள் திறமையைத் தேடிப் போக எந்த வயதிலும் வழி இருக்கவில்லை. மேரியனைப் போற்றும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நடுவயதைப் பற்றி ஆழமாக எழுதிய உளவியலாளர் எரிக் எரிக்சன் பிறந்ததும் இதே பிராங்பேர்ட்டில்தான், 1902இல். இளமையில் ஓவியராக ஊர் சுற்றியவர். 1950இல் வந்த முதல் நூலில் வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார். ஏழாவது கட்டத்தில் மனிதருக்கு முன்னே இரண்டு வழிகள்: தனக்குப் பின் வருபவர்களுக்காக ஒன்றை உருவாக்கி வளர்ப்பது, அல்லது தேங்கிப்போவது. இந்தக் கண்ணோடு அவர் இந்தியாவுக்கும் வந்தார். 1918 அகமதாபாத் ஆலை வேலைநிறுத்தத்தில் நின்ற 48 வயதுக் காந்தியைப் பற்றி அவர் 1969இல் வெளியிட்ட நூலுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

எரிக்சன் சொன்னதை மேரியன் வீட்டில் தெளிவாகக் காணலாம். மூத்த மகள் யோஹன்னா பின்னாளில் சூரினாமுக்கே குடிபோய் அங்கிருந்து பூச்சிகளை அனுப்பினார். 1717 ஜனவரியில் மேரியன் ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். கம்பளிப்புழு நூலின் மூன்றாம் பாகம் அப்போது முடியாமல் இருந்தது. அதே ஆண்டில் அதை முடித்து வெளியிட்டவர், கப்பலில் கூடப் போன இளைய மகள் டோரத்தியா. பிறகு கணவரோடு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குக் குடியேறி, அரசரின் அருங்காட்சியகத்தில் இருந்த செடிகளையும் உயிரினங்களையும் வரைந்தார். பீட்டர் பேரரசருக்காக வாங்கப்பட்ட அம்மாவின் ஓவியங்களும் அந்த ஊரில்தான் இருந்தன.