அறுந்தது நரம்பா, முடிச்சா?

மழைக்குப் பின் கொசஸ்தலையாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களில், முத்தாபுதுப்பேட்டையிலிருந்து தூண்டிலும் கையுமாகக் கிளம்பும் பிள்ளையை எந்தத் தாயாரால் தடுக்க முடியும்? மாலையில் வெறுங்கையோடு வந்து, "பெரிய மீன் அம்மா! நரம்பு அறுந்து போச்சு!" என்பான். பெரும்பாலும் அறுவது முடிச்சடியில்தான், சகோதரிகளே! முள்ளைக் கவ்விய மீனும் வாயில் முள்ளோடு தவிக்கும்.

கடையில் தங்கூஸ் என்று கேட்டு வாங்குவது நைலான் நரம்பு. 1938-ல் உலகுக்கு அறிமுகமான நைலான் முதலில் புகுந்தது பல் துலக்கும் பிரஷ்ஷில். நம் புடவைக்கு வந்தது பிறகுதான்! கெண்டைக்கும் ஜிலேபிக்கும் கால் மில்லிமீட்டர் கனம் போதும். செடிகொடிகளுக்குள் பதுங்கும் விராலுக்கு 0.40 வேண்டும். வெயில் நைலானுக்குச் சத்துரு. வெயிலில் தொங்கிய சுருள் வேண்டாம். விரலிடையே உருவிப் பாருங்கள். சொரசொரத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இனி முடிச்சு. பூத்தொடுக்கும் விரல்களுக்கு இது ஒரு வித்தையா? நுனியைத் தூண்டில் முள்ளின் காதில் நுழைத்து, அதே நரம்பின் மேல் ஐந்து சுற்றுச் சுற்றுங்கள். காதருகே உள்ள சிறு கண்ணியில் நுனியை விட்டு, அப்போது உண்டாகும் பெரிய வளையத்துக்குள்ளும் செலுத்துங்கள். இறுக்குமுன் தண்ணீரில் நனைப்பது முக்கியம்! உலர்ந்த நைலான் உராய்ந்தால் சூடேறிப் பலம் குன்றும். வெறும் ஒற்றை முடிச்சோ, நரம்பின் பலத்தில் ஏறக்குறையப் பாதியைத் தின்றுவிடும்.

அறுந்த துண்டுகளைக் கரையில் வீசாமல் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கொக்கின் காலில் சுற்றிக்கொண்டால் அவிழ்க்க அதற்குக் கையா இருக்கிறது? கத்தரிக்கோலால் பொடியாக நறுக்கிக் குப்பைக்கூடையில் போடலாம்.