காபி போட்டுக் கொடுத்தது யாரு?

அப்பா இறந்த நாலாவது மாதம் அம்மாவை எங்களோடு சென்னைக்கு அழைத்து வந்துவிட்டோம். அம்மாவுக்கு 71 வயது. ஊரில் இருந்தவரை வாரப் பத்திரிகையை விளம்பரம்கூட விடாமல் படிக்கிறவர், இங்கே வந்ததும் எதையும் கையில் எடுக்கவில்லை. டிவி ஓடும், பார்க்க மாட்டார். 'ஏதாவது படிச்சா மனசு மாறும்' என்று நானாக முடிவு செய்து, ஆன்லைனில் ஒரு வாழ்க்கை வரலாறு ஆர்டர் போட்டேன். ஒன்றுமில்லாமல் ஆரம்பித்து, கோடிகளில் தொழில் நடத்தும் ஒருவரின் கதை. அட்டையிலேயே கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் கழித்து அம்மா அதைத் திருப்பிக் கொடுத்தார். 40 பக்கம் தாண்டவில்லை.

"ஏன்டி, இந்த மனுஷனுக்கு ஒரு நாளாவது ஜுரம் வந்திருக்காதா? விடியக்காலை நாலு மணிக்கு எழுந்தார், எழுந்தார்னே போட்டிருக்கான். அந்நேரத்துக்கு எழுந்து காபி போட்டுக் கொடுத்தது யாரு? அவ என்ன ஆனா?"

அப்போது சிரித்துவிட்டேன். ஆனால், எங்கள் வீட்டில் அடுத்து என்ன புத்தகம் வாங்குவது என்பதை அதன்பிறகு ஒரு வருஷமாக அந்தக் கேள்விதான் தீர்மானித்து வருகிறது.

பொதுவாக நாம் ஆளைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். 'அக்னிச் சிறகுகள்' முடிந்ததா, அடுத்து 'சத்திய சோதனை'. அது முடிந்தால் யாராவது விளையாட்டு வீரர், நடிகர், விஞ்ஞானி. நாலாவது புத்தகத்தில் ஓர் அலுப்பு வரும் பாருங்கள்... எல்லோரும் கஷ்டப்பட்டார்கள், எல்லோரும் ஜெயித்தார்கள், நாம் மட்டும் சோபாவில் உட்கார்ந்திருக்கிறோம் என்று. அதோடு வாழ்க்கை வரலாறே வேண்டாம் என்று விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். அம்மாவின் கேள்வி இன்னொரு வழியைக் காட்டியது. முடித்த புத்தகத்தில் ஓரமாக வந்துபோன ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு, அவர் பின்னாலேயே அடுத்த புத்தகத்துக்குப் போவது.

ஊருக்குப் போய்வந்த புத்தகம்

முதலில் கைகொடுத்தவர் உ.வே.சாமிநாதையர். அம்மா பிறந்தது திருவாவடுதுறைக்குப் பக்கத்துக் கிராமம். அதனால் 'என் சரித்திரம்' அவருக்குப் பிடிக்கலாம் என்று ஓர் ஊகம். பிடித்தது என்று சொன்னால் போதாது. உத்தமதானபுரம், பாபநாசம், பட்டீஸ்வரம், மாயூரம், கும்பகோணம் என்று ஒவ்வொரு ஊர் பெயர் வரும்போதும் அம்மா புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, அந்த ஊரில் யார் இருந்தார்கள், எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று எனக்கு வழி சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

புத்தகத்தின் கனத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1940-ல் ஆனந்த விகடனில் தொடராக வர ஆரம்பித்தது அது. அதனால் ஒவ்வோர் அத்தியாயமும் அளவாகத்தான் இருக்கும். மதியம் படுப்பதற்கு முன் ஒன்று, ராத்திரி ஒன்று என்று போகலாம். எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 84. 122 அத்தியாயங்கள் வந்த நிலையில், 1942 ஏப்ரலில் இறந்துபோனார். 1950-ல்தான் நூலானது.

ஓலைச்சுவடி தேடி அலைந்தவர் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்தப் பகுதிக்கு வருவதற்கு வெகு தூரம் படிக்க வேண்டும். அதற்கு முன்னால் இருப்பது ஒரு ஏழைக் குடும்பம், மகனின் படிப்புக்காக ஊர் ஊராக மாறிக்கொண்டே இருந்த கதை. அப்பா சங்கீத வித்வான். பையனுக்கோ தமிழ்மேல் பித்து. 1871-ல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். அங்கேயே 'நந்தன் சரித்திரம்' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பாட்டும் கற்றுக்கொள்ள ஏற்பாடாகிறது. தமிழ் ஆசிரியருக்கு அது உவப்பாக இல்லை என்று தெரிந்ததும் பையன் பாட்டை விட்டுவிடுகிறான்.

"அந்த அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்றார் அம்மா. அன்றைக்கு முழுக்க அதே பேச்சு.

அந்த ஆசிரியரையும் அம்மாவால் விட முடியவில்லை. ஆயிரக்கணக்கில் பாட்டுக் கட்டியவர், கடைசிவரை கடனோடு போராடுகிறார். 1876-ல் அவர் இறக்கும்போது மாணவனுக்கு 21 வயதுகூட நிறையவில்லை. "அந்த வாத்தியாரைப் பத்தி வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது. அதே உ.வே.சா., 1933, 34-ல் தன் ஆசிரியரின் வரலாற்றை இரண்டு பாகமாக எழுதியிருக்கிறார். இது கொஞ்சம் மெதுவாகப் போகும், செய்யுள் நிறைய. செய்யுளைத் தாண்டிப் படித்தால் ஒன்றும் குற்றமில்லை என்று அம்மாவுக்கு நானே அனுமதி கொடுத்தேன். சரி, 'என் சரித்திரம்' பாதியில் நின்றுவிட்டதே, மிச்சம்? அதற்கு உ.வே.சா-வின் மாணவர் கி.வா.ஜகந்நாதன் எழுதிய 'என் ஆசிரியப்பிரான்'. ஆசிரியரைப் பற்றி மாணவர், அவரைப் பற்றி அவருடைய மாணவர். மூன்று தலைமுறை ஒரே வரிசையில் கிடைத்துவிடுகிறது.

ஒரு கேள்விக்கு மட்டும் மூன்றிலும் பதிலில்லை என்கிறார் அம்மா. "கல்யாணத்தை அவ்வளவு விஸ்தாரமா சொன்னாரே, அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு எங்கடி?"

ஒரே வீடு, வேறு வேறு ஜன்னல்

மனைவி என்ன ஆனாள் என்று கேட்பவருக்குச் செல்லம்மாவைத் தவிர வேறு யாரைக் கொடுப்பது? ஆனாலும் முதலில் வ.ரா. எழுதிய 'மகாகவி பாரதியார்' கொடுத்தேன். புதுச்சேரியில் பாரதியோடு பழகிய சிநேகிதர். அதில் வருபவர் சிங்கம்போல நடக்கிற, சத்தமாகச் சிரிக்கிற பாரதி. அடுத்து யதுகிரி அம்மாளின் 'பாரதி நினைவுகள்'. மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரின் மகள். சின்னப் பெண்ணாக அந்த வீட்டுக்குப் போய்வந்தவர். இன்று நாம் மனப்பாடமாகச் சொல்லும் பாட்டுகளைப் பிறந்த சூட்டோடு கேட்ட காது அது. குழந்தைக் கண்ணுக்குத்தான் தெரியும் சில விஷயங்கள் உண்டு: அன்றைக்கு அந்த வீட்டில் யார் முகம் வாடியிருந்தது என்பது மாதிரி.

மூன்றாவதாகத்தான் செல்லம்மா பாரதியின் 'பாரதியார் சரித்திரம்'. ஏழு வயதில் 14 வயதுப் பையனுக்குக் கழுத்தை நீட்டியவர். 1921-ல் பாரதி போய்விட்டார். செல்லம்மா 1955 வரை இருந்தார். 1951-ல் திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்று பேசியதும் அவர்தான். குருவிகளுக்கு அரிசியை இறைத்த கதையைக் கேட்டு நாமெல்லாம் உருகுகிறோம். அந்த அரிசியை உலையில் போட வேண்டியிருந்தவர் பக்கத்திலிருந்து அதைப் பார்ப்பது வேறு.

அதைப் படித்த ராத்திரி அம்மா தூங்கவில்லை. நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது சமையலறை மேடை ஓரம் உட்கார்ந்திருந்தார். "உனக்கு மூணு வயசு இருக்கும். அப்பா வேலையை விட்டுட்டார். எங்கிட்ட சொல்லல. ரெண்டு மாசம் தினமும் டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பிப் போவார். எனக்குப் பத்து நாள்லயே தெரிஞ்சுபோச்சு. கேக்கல. டிபன்ல மட்டும் ரெண்டு இட்லி கூட வெச்சேன்." வேறு வேலை கிடைத்த பிறகும் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லையாம். 40 வருஷத்தில் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்பா போனபிறகு அம்மா அப்பாவைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியதும் அன்றைக்குத்தான்.

எல்லா வீட்டிலும் இப்படி இன்னொரு ஜன்னல் கிடைத்துவிடாது. 'சத்திய சோதனை'யில், டர்பன் வீட்டில் கழிவுப் பாத்திரம் எடுக்கும் விவகாரத்தில் கஸ்தூர்பாவைக் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துப்போனதைக் காந்தியே எழுதி வெட்கப்படுகிறார். கஸ்தூர்பா தன் கதையை எழுதவில்லை. ஆகாகான் மாளிகைச் சிறையில் அவரோடு இருந்த டாக்டர் சுசீலா நய்யார் ஆங்கிலத்தில் எழுதிய நினைவுகள்தான் பக்கத்தில் போய்ப் பார்க்க ஒரு வழி.

என் மகள் பத்தாம் வகுப்பு. ஆன் ஃபிராங்கின் டைரியைப் படித்துவிட்டு பாட்டிக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆம்ஸ்டர்டாமில் எட்டுப் பேர் இரண்டு வருஷத்துக்கும் மேலாக ஒளிந்திருந்த கதை. "சரி, வெளியே வரவே முடியாதுன்னா, அவங்களுக்குக் காய்கறி வாங்கிக் கொடுத்தது யாரு?" என்று கேட்டார் அம்மா. பார்த்தீர்களா, மறுபடியும் அதே கேள்வி! மீப் கீஸ். ஆனின் அப்பா அலுவலகத்தில் வேலை பார்த்தவர். எல்லோரும் பிடிபட்ட பிறகு சிதறிக் கிடந்த டைரித் தாள்களைப் பொறுக்கி, படிக்காமலேயே மேஜை டிராயரில் வைத்திருந்து, உயிரோடு திரும்பிய அப்பாவிடம் கொடுத்தவர். 1987-ல் தன் நினைவுகளை எழுதினார். படித்திருந்தால் அதை எரித்திருக்க வேண்டியிருக்கும், உதவியவர்கள் பெயரெல்லாம் அதில் இருந்தது என்று பின்னால் சொன்னார். மகள் அதை ஆங்கிலத்தில் படித்து, தமிழில் பாட்டிக்குச் சொல்லி முடித்தாள். ஒரு கோடை விடுமுறை அப்படிப் போயிற்று.

கடையில் நின்று புரட்டும்போது நான் இப்போதெல்லாம் முதல் பக்கத்தைப் பார்ப்பதில்லை. புத்தகம் எந்த வருஷத்தில் நிற்கிறது என்று பார்க்கிறேன். காந்தியின் சுயசரிதை 1920-களின் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. உப்பு சத்தியாகிரகம் அதில் கிடையாது. கண்ணதாசனின் 'வனவாசம்' அவர் தி.மு.க-வை விட்டு விலகுவதோடு முடியும். மேற்கொண்டு வேண்டுமென்றால் 'மனவாசம்'. எழுதியது யார் என்பதும் முக்கியம். கூடவே இருந்தவரா, மகனா, சம்பளத்துக்கு எழுதியவரா, பத்திரிகைத் துணுக்குகளை ஒட்டியவரா? கடைசி வகையை அப்படியே வைத்துவிடலாம். சினிமாக்காரர்கள் பற்றிய புத்தகங்களில் இது அதிகம். நாடகம், சினிமா ஆசை உள்ளவர்கள் அதற்குப் பதில் அவ்வை தி.க.சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' எடுங்கள். ஆறு வயதில் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகக் குழுவில் சேர்ந்தவர். ஒரு குழந்தைக்கு மேடையும் வீடும் ஒன்றாகிப்போன கதை.

பழைய புத்தகங்களுக்குக் காசு செலவழிக்கவும் அவசியமில்லை. 'என் சரித்திரம்' மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. நான் எழுத்தைப் பெரிதாக்கி டேப்லெட்டில் கொடுத்தேன். அம்மாவுக்கு அது சரிப்படவில்லை. விரல் பட்டால் பக்கம் ஓடிவிடுகிறதாம்.

பேர் தெரியாத ஒருவர்

போன மாதம் நூலகத்திலிருந்து பாமாவின் 'கருக்கு' எடுத்து வந்தேன். 1992-ல் வந்தது. இதில் பெரிய மனிதர் யாரும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் கிராமம் ஒன்றில், தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஆசிரியையாகி, கன்னியாஸ்திரியாகி, அதை விட்டு வெளியே வந்த ஒரு பெண், தன் ஊர்ப் பேச்சிலேயே சொல்லும் கதை. தஞ்சாவூர்க் காதுக்கு அந்தப் பேச்சு முதலில் பிடிபடவில்லை. அம்மா வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். அப்போது புரிந்தது.

பாட்டி வேலை செய்யும் வீட்டில் தண்ணீரை மேலேயிருந்து ஊற்ற, பாட்டி கையைக் குவித்துக் குடிக்கும் இடம் ஒன்று வரும். அங்கே வாய்விட்டுப் படிக்கும் சத்தம் நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"எங்க வீட்டுக் கொல்லையில நான்தான் ஊத்துவேன். எட்டு வயசு எனக்கு. சொம்பை உசரத் தூக்கித்தான் ஊத்தணும்னு ஆயா சொல்லியிருந்தாங்க. கை வலிக்கும். எனக்குக் கை வலிச்சதுதான் இத்தனை நாளா ஞாபகம் இருந்துது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அந்தம்மா தினம் வருவாங்க. பேரு தெரியாது எனக்கு. கேட்டதே இல்ல."

மறுநாள் காலையில் ஊரில் இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டு அந்தப் பெயரைக் கேட்டார். மாமாவுக்கும் தெரியவில்லை. "இப்ப எதுக்குக்கா அதெல்லாம்?" என்றாராம். அம்மா விடவில்லை. அந்தப் பக்கம் வயதானவர்கள் யாராவது இருந்தால் விசாரித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார். இரண்டு வாரமாகிறது. மாமா இன்னும் கூப்பிடவில்லை.

'கருக்கு'வைத் திருப்பிக் கொடுத்துவிட்டு கே.ஏ.குணசேகரனின் 'வடு' எடுத்து வந்திருக்கிறேன். அதையும் வாய்விட்டுத்தான் படிக்கிறார்.